மாமியார் பேரு

சந்திரிகா தன் ஒரே மகளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, இப்போது அந்தப் பெண்ணின் வகிட்டில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. இன்னமும் அவளுக்குப் ‘பாப்பா’தான். வெளி ஆளிடம் பேசினால் ‘எங்க பாப்பா’. கோபம் வந்தால் ‘ஏ புள்ள’. கிளினிக்கில் தாதி பேரைக் கேட்டால் வாயைத் திறக்காமல் மகளின் ஐசி அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவாள். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. மகளுக்கு வைத்தது மாமியார் பேர். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருந்த வரிசையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி இதைச் சொல்லியே தன் மருமகளைக் குத்திக் காட்டுவாள்.

மாமியார் பேர் வடிவம்மாள். மகள் பேரும் அதுவே. கூப்பிடுகிறவர்களுக்கு வடிவு.

தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகன் யுகேந்திரனும் கடல் பாலத்தைத் தாண்டி வந்திருந்தார்கள். இருவருக்கும் அக்கரையில் ஜுருவில் வேலை. அவள் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள், அவன் கார் விற்கிறான். சந்திரிகாவின் புருஷன் சுகுமாரன் போய் வருஷம் திரும்பி, தலைத் திவசமும் அப்போதுதான் முடிந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த மகள், நாளைக்கு என்ன குழம்பு என்று பேசுகிற குரலில் விஷயத்தைச் சொன்னாள். பேரை மாற்றிக்கொள்ளப் போகிறாளாம். சத்தியக் கடிதமெல்லாம் தயாராம். தைப்பூச லீவு முடிந்ததும் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டியதுதான் பாக்கியாம். புதுப் பேர் அதிரா.

சந்திரிகாவுக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பொறாமை. தனக்குப் பிறந்த பிள்ளைக்கு ஒரு பேரைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு வாய்க்கவில்லை. இவள் தனக்குத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறாள்.

அதிரா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். மகள் கைப்பேசியில் தேடினாள். திருவாதிரையிலிருந்து வந்தது என்று ஓர் இடத்தில் போட்டிருந்தது. இன்னோர் இடத்தில் மின்னல். மூன்றாவது இடத்தில் பிரார்த்தனை. பிள்ளைப் பேர் போடுகிறவர்களுக்கு என்ன, கேட்கிறவர் சந்தோஷப்பட்டால் சரி. யுகேந்திரன் சிரித்துக்கொண்டே, பழைய பேரையும் தட்டிப் பாரேன் என்றான். தட்டினாள். தோற்றம் என்ற இடத்தில் தமிழ் என்று இருந்தது. பொருள் என்ற இடத்தில் அழகு, உருவம். எத்தனை பேர் வைக்கிறார்கள் என்று காட்டும் இடத்தில் மற்றப் பேர்களுக்கெல்லாம் மலைபோல் ஏறி இறங்கும் கோடு ஒன்று இருக்கும். இதற்குக் கோடே இல்லை. போதிய தகவல் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தது. அதை வாசித்துவிட்டு மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பட்டதை அவள் சொல்லத் தொடங்கினாள். வகுப்பில் தீபாக்களும் ஷாலினிகளும் வரிசையாக உட்கார்ந்திருக்க, இவள் பேரை வாத்தியார் கூப்பிட்டாலே பின்பெஞ்சில் யாராவது கிழவிபோல் இருமிக் காட்டுவார்களாம். இப்போது வேலையிடத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. மலாய்க்காரர்களும் சீனர்களும் பேரின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு ‘அமல்’ என்கிறார்கள். யுகேந்திரன் கட்டின நாளிலிருந்து ‘டார்லிங்’தான், மாமியார் வீட்டில் ‘பெரிய மருமக’. இதையெல்லாம் அவள் சொன்னபோது குரலில் குறை இல்லை. கடைசியாகச் சொன்னதில்தான் இருந்தது.

“அப்பா ஒருத்தர்தாம்மா என்னை அந்தப் பேர்ல கூப்பிட்டாரு. அவர் மனசு நோகுமேன்னுதான் இவ்ளோ நாளு பொறுத்தேன். அவரும் போயிட்டாரு. நீங்க ஒரு தடவகூட கூப்பிட்டதில்ல. இனிமே யாருக்காகலா அத நான் வெச்சிக்கிறது?”

சந்திரிகா தட்டுகளை அடுக்கினாள். மாமியார் பேராச்சே பாப்பா, எப்படிக் கூப்பிடுவேன் என்றாள். மருமகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாலத்தில் நெரிசல் ஆகிவிடும், கிளம்பலாம் என்றான்.

அவர்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ‘மாமியார் பேராச்சே.’ எத்தனை வருஷமாக இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறாள். கேட்கிறவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டதும் தலையை ஆட்டி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அதில் பாதிதான் உண்மை என்பது சந்திரிகா ஒருத்திக்குத்தான் தெரியும்.

பிள்ளை வயிற்றில் இருந்தபோதே அவள் ஒரு பேரை முடிந்து வைத்திருந்தாள். சாந்தினி. நிலா வெளிச்சம் என்று அர்த்தம். சந்திரிகா என்றாலும் அதுதான் அர்த்தம். தாய்க்கும் மகளுக்கும் பேரில் ஒரு ஒட்டு இருக்கட்டும் என்று ஆசை. சுகுமாரனிடம் ஒருநாள் காதோடு காதாகச் சொன்னாள். அவரும் நன்றாக இருக்கிறது என்றார். நல்ல மனிதர்தான், அம்மா முன்னால் நின்றால் மட்டும் வாயில் ஈரம் வற்றிவிடும். முப்பதாம் நாள் தொட்டிலில் போடும்போது, காதில் பேர் சொல்ல அத்தைமுறைக்காரி குனிந்தாள். மாமியார் அவளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தானே குனிந்தாள். பிள்ளையின் காதில் தன் பேரைத் தானே சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து சந்திரிகாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை சந்திரிகா மறக்கவில்லை. பிள்ளையைப் பெற்றுக் கொடுத்தது நீ, பேர் என்னுடையது என்றது அது.

முறைப்படிப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேர்தான் வைப்பார்கள். வடிவம்மாளின் வகையறாவில் அந்தப் பேருக்கு ஒரு பெருமையும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொண்டிருக்கும் அம்மனை வடிவுடையாள் என்று கும்பிடுகிறவர்கள் அவர்கள். கப்பல் ஏறி வந்த பிறகும் பேரை விடவில்லை. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வாசலில் நின்று வடிவு என்று ஒரு சத்தம் கொடுத்தால் அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் தலைகள் நீளுமாம். அதனால் கருத்த வடிவு, நெட்டை வடிவு, பால்மரத்து வடிவு என்று அடைமொழி போட்டுத்தான் கூப்பிடுவார்களாம். மாமியார் நெட்டை வடிவு. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் இளகும். மற்ற நேரங்களில் சந்திரிகா கரைத்த மாவு புளித்தாலும் குற்றம், புளிக்காவிட்டாலும் குற்றம்.

பேர் சொல்லாமல் இருப்பது முதலில் முறைக்காகத்தான். அப்புறம் அதில் ஒரு ருசி கண்டுவிட்டாள். மாமியார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். சாவிக் கொத்து, புருஷனின் காது, பிள்ளையின் பேர். எடுத்துக்கொண்ட பேரை மருமகள் உச்சரிக்கவே மாட்டாள். மாமியாரோ அதை மரியாதை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். என் மருமக பெத்த பிள்ளையக்கூட பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா என்று அவள் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் சந்திரிகா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அந்த வீட்டில் அவள் ஜெயித்த ஒரே இடம் அது. ஜெயித்ததாக அப்போது நினைத்தாள்.

அப்படியொரு ஜெயத்துக்கு என்ன விலை என்பது ஒரு தைப்பூசத்தில் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை அப்போது பள்ளிக்கூடம் சேரவில்லை. தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் கூட்டத்தில் கை நழுவிப் போய்விட்டது. சுகுமாரன் ஒரு பக்கம் ஓட, சந்திரிகா ஒலிபெருக்கி வைத்திருந்த தண்ணீர்ப்பந்தலுக்கு ஓடினாள். ஒலிவாங்கியைக் கையில் வைத்திருந்த ஆள் பிள்ளை பேர் என்ன அக்கா என்று கேட்டான்.

“எங்க மாமியார் பேரு” என்றாள் சந்திரிகா.

அவன் அது என்ன பேர் என்றான். அவள் அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை. மாமியார் அன்றைக்குக் கூட வரவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டாள். சொல்லியிருந்தால் யார் காதிலும் விழுந்திருக்காது. பிள்ளை தொலைந்து நிற்கும் நேரத்தில்கூட அந்தப் பேர் நாக்கில் வரவில்லை. அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, பச்சைப் பாவாடை போட்ட பாப்பா என்று அறிவித்தான். பச்சைப் பாவாடைப் பாப்பாக்கள் அன்றைக்கு மலை முழுக்க இருந்தார்கள். கடைசியில் பலூன்காரன் பக்கத்தில் நின்றிருந்த பிள்ளையைக் கண்டுபிடித்தது சுகுமாரன். வடிவு வடிவு என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டே போயிருக்கிறார். அதுவே ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டதாம். ஒலிபெருக்கியில் சொன்னது கேட்கவில்லையா என்று பிற்பாடு கேட்டதற்கு, கேட்டுச்சு, அது நான்னு தெரியல என்றது பிள்ளை. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சந்திரிகாவும் சேர்ந்து சிரித்தாள்.

மாமியார் செத்த பிறகு சுகுமாரன் ஒருநாள் கேட்டார். அம்மாதான் இல்லையே, இனிமேல் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமே என்றார். வாய்க்குப் பழகவில்லை என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனால் மகளை அவர் கூப்பிடும் விதம் மாறியது. முன்பு ஒரு தடவை கூப்பிடும் இடத்தில் அப்புறம் மூன்று நான்கு தடவை கூப்பிட்டார். ‘வடிவு சாப்பிட்டியா, வடிவு குடை எடுத்துக்கிட்டியா, வடிவு வந்துட்டியா.’ மனைவி கூப்பிடாததையும் சேர்த்துத் தானே கூப்பிட்டுத் தீர்த்தார் என்பது சந்திரிகாவுக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் போய் வருஷமும் திரும்பிவிட்டது.

அன்று சாயங்காலம் லோகேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “வடிவு வந்திட்டுப் போச்சா?” என்று கேட்டாள். எவ்வளவு சுளுவாகச் சொல்கிறாள். பாசார் சந்தை மீன்காரன்கூடச் சொல்கிறான். ஊரில் உள்ளவன் எல்லாம் சொல்லும் பேரைப் பெற்றவள் சொன்னதில்லை. சந்திரிகா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில், சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்து வந்தது. கண் முன்னால் தொட்டில் மேல் குனிந்த அந்த முதுகு வந்து நின்றது. வாய் மூடிக்கொண்டது.

மறுநாளும் முயன்றாள். துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது, சாமி விளக்கைத் துடைக்கும்போது. ஒருநாள் முழுப் பேரும் வந்துவிட்டது. சொன்னதும் யாரோ அடிக்க வருவதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டாள். யாரும் வரவில்லை. மாமியார் படத்துக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் மாலை தூசி படிந்து கிடந்தது. அந்தக் கிழவியை இத்தனை காலம் தண்டித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோமே, அவளுக்கு ஒரு சொட்டுகூட வலித்ததில்லையே என்று சந்திரிகாவுக்கு அழுகை முட்டியது. மாமியார் மெச்சிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அடி விழுந்ததெல்லாம் பிள்ளைமேல். தன் பேரைச் சொல்லப் பிடிக்காத ஒரு தாயிடம் வளர்ந்திருக்கிறது அது. ஒருநாளும் வாய் விட்டுக் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டது. அப்போதும் தட்டை அடுக்கிக்கொண்டு ‘மாமியார் பேராச்சே’ என்றாள்.

தைப்பூசத்தன்று கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். பேரை மாற்றாதே என்று கெஞ்சப் போவதில்லை; அந்த உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பேர் போவதற்கு முன்னால் தன் வாயிலிருந்து அது ஒரு தடவையாவது மகளின் காதில் விழ வேண்டும். அப்புறம் அவள் இஷ்டம்.

காலையில் மகளும் மருமகனும் வந்து கூட்டிப் போனார்கள். காரை எங்கேயோ ஒரு சந்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். வழி நெடுக தண்ணீர்ப்பந்தல்கள். ஒவ்வொன்றிலும் பாட்டு, ஒவ்வொன்றிலும் மோர், அதற்கு மேல் வெயில். காவடிகள் போக வழி விட்டு ஒதுங்குவதும் நடப்பதுமாகப் போனார்கள். சந்திரிகா காரிலேயே கூப்பிட்டிருக்கலாம். மருமகன் பக்கத்தில் இருக்கிறாரே என்று விட்டாள். நடக்கும்போது கூப்பிடலாம் என்று பார்த்தாள். கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் வருகிற பிள்ளையை எதற்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? கூப்பிடுவதற்கும் ஒரு தூரம் வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் அந்தத் தூரம் எத்தனை தடவை கிடைத்தது, எத்தனை தடவை பாப்பா என்று வீணாக்கினோம் என்று அவளுக்கு மனசு ஆறவில்லை.

படி ஏற முழங்கால் ஒத்துழைக்காது. அடிவாரத்தில் ஒரு பந்தலில் அவளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மகள் ஒரு கோப்பை மோர் வாங்கிக் கையில் கொடுத்தாள். “இங்கயே இருங்கம்மா, எங்கயும் எந்திரிச்சிப் போயிடாதீங்க” என்றாள். அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். கொஞ்சம் போன பிறகுதான் சந்திரிகா பார்த்தாள், கற்பூரப் பொட்டலம் நாற்காலிக் காலடியில் விழுந்து கிடந்தது.

எடுத்துக்கொண்டு எழுந்தாள். மகள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். மஞ்சள் சேலை, பின்னலில் மல்லிகை. அம்மனே கொடுத்த தூரம் என்று சந்திரிகாவுக்குத் தோன்றியது.

“வடிவு” என்றாள்.

அது அவளுக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அடிவயிற்றிலிருந்து, சுகுமாரன் அன்றைக்குக் கத்தியதுபோல் கத்தினாள்.

“வடிவு! ஏ வடிவு!”

திரும்பினார்கள். பந்தலின் ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி திரும்பினாள். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்த இன்னொரு கிழவி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து யார் என்று பார்த்தாள். மஞ்சள் சேலையும் ஒரு கணம் நின்றது. தலை லேசாகத் திரும்பியது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிற பார்வை கூட்டத்தின்மேல் ஒரு தடவை மேய்ந்தது. நின்ற கிழவியைப் பார்த்தது. திருப்தியாகி, படியைப் பார்த்து நடந்தது.

பாப்பா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அந்த நிமிஷமே ஓடி வந்திருப்பாள். அந்தச் சொல் சந்திரிகாவின் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். மஞ்சள் சேலை மற்ற மஞ்சள் சேலைகளோடு கலந்துவிட்டது.

தட்டோடு இருந்த கிழவி, “என்னையாம்மா கூப்பிட்ட?” என்று கேட்டாள். பார்வை சரியாக இல்லை போலிருக்கிறது. முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். சந்திரிகா இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பின்னே யாரைத் தேடுகிறாய் என்றாள் கிழவி. மகளை என்றாள் சந்திரிகா.

“மகளுக்கா இந்தப் பேரு? அட, இப்ப எவ வெக்கிறா இதெல்லாம்.” கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது. “எங்கூட்டுல ஒண்ணுக்குக்கூட வெக்கமாட்டேன்னுட்டாளுங்க. நீ குடுத்து வெச்சவதான் போ. வாய் நிறைய கூப்பிட்டுக்கிட்டே இருக்கலாம்.”

சந்திரிகா மோர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி தன் கதையைத் தொடங்கினாள். எந்தத் தோட்டம், எந்த ஊர் அம்மன், எத்தனை வடிவுகள் என்று. எல்லாம் தெரிந்த கதைதான். மாமியார் சொன்னபோது காதில் வாங்க மனமில்லாமல் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தவள், இன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். மகளிடம் இதையாவது சொல்லியிருக்கலாம். இது கிழவிப் பேர் இல்லை பாப்பா, சாமி பேர், ஒரு காலத்தில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சுமந்த பேர் என்று. பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்த நாட்களில் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது இருவரும் இறங்கி வந்தார்கள். மகள் முகமெல்லாம் வேர்வை. குனிந்து தாயின் நெற்றியில் திருநீறு பூசினாள். கற்பூரத்தை எங்கேயோ போட்டுவிட்டோம், மேலே வேறு வாங்கிக்கொண்டோம் என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொன்னாள்.

“நாங்க ஏறுறப்ப கீழ யாரோ வடிவு வடிவுன்னு கத்துனாங்கம்மா, கேட்டுச்சா? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. அப்பறம் பாத்தா, யாரோ ஒரு பாட்டிய கூப்பிடுறாங்க.”

சந்திரிகாவின் கை மடியில் கிடந்த கற்பூரப் பொட்டலத்தை இறுக்கிக்கொண்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். இத்தனை காலம் அப்படித்தான் ஒவ்வொன்றையும் முடித்தாள். இன்றைக்கு முடியவில்லை.

“நான்தான் கூப்பிட்டேன்.”

மகள் விசிறுவதை நிறுத்தினாள். அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த கிழவியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

“யாரக் கூப்பிட்டீங்க?”

அவள் உண்மையாகவேதான் கேட்டாள். கோபமில்லை, குத்தலில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அதைத்தான் சந்திரிகாவால் தாங்க முடியவில்லை.

“உன்னத்தான் பாப்பா” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. மகளுக்கும் தெரிந்தது. அவள் உதடு சிரிக்கப் பார்த்துக் கோணியது, கண் நிறைந்துவிட்டது. தாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தக் கசங்கிய பொட்டலத்தை எடுத்தாள்.

“அது நான்னு தெரியலம்மா” என்றாள். “சத்தியமா தெரியல. தெரிஞ்சிருந்தா நின்னுருப்பேன்.”

யுகேந்திரன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். மகள் எழுந்து தாய்க்குக் கை கொடுத்தாள். சந்திரிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இவ்வளவு கிட்டத்தில் இருப்பவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. மறுநாளைக்குப் பதிவு இலாகாவில் கூட்டம் இருக்கும், வெள்ளனே போகவேண்டும் என்று மருமகன் சொல்ல, மகள் சரி என்றாள். மூவரும் வந்த வழியே நடந்தார்கள். பின்னாலிருந்து அந்தக் கிழவி, “போயிட்டு வா வடிவு” என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். மகள் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள்.